தேங்காயை வீணாக்காமல் காப்பது எப்படி? அடுப்படிக்கான குறிப்புகளும் அதனோடு சேர்ந்த மார்க்கச் சட்டங்களும்

இலங்கை முஸ்லிம்களின் அடுப்படியில் தேங்காய் சேராத நாள் என்று ஒன்றைக் காண்பது அரிது. காலையில் இடியப்பத்துக்குச் சம்பலும் பாலாணமும், பகலில் தேங்காய்ப் பால் விட்ட மீன் கறி, மாலையில் பிட்டு அல்லது ரொட்டி, நோன்பு வந்தால் கஞ்சி, பெருநாள் வந்தால் வட்டிலப்பம் என்று தேங்காய் நம்முடைய உணவோடு ஒன்றாகிவிட்டது. முன்பெல்லாம் வளவில் நின்ற மரத்திலிருந்து விழுந்ததை எடுத்துத் துருவினோம். அதன் அருமை அப்போது தெரியவில்லை. 2024ஆம் ஆண்டின் கடைசியிலும் 2025இன் தொடக்கத்திலும் ஒரு தேங்காயின் விலை பல இடங்களில் 200 ரூபாவைத் தாண்டியபோதுதான், நாம் அன்றாடம் எவ்வளவு தேங்காயைக் கெடவிட்டு வெளியே கொட்டுகிறோம் என்பது பலருக்கும் உறைத்தது.

உண்ணவும் பருகவும் அனுமதி தரும் அதே இறைவசனத்திலேயே (அல்குர்ஆன் 7:31) வீண்விரயம் தடுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். வீண்விரயம் என்றவுடன் திருமண வீட்டு விருந்துதான் நமது நினைவுக்கு வருகிறது. ஆனால் மூன்று நாள் ப்ரிட்ஜில் கிடந்து வழுவழுத்துப்போன அரைத் தேங்காயும், புளித்துப்போன பாலாணமும் வீண்விரயம்தான். மறுபுறம், வீணாகக் கூடாது என்பதற்காகக் கெட்டதை உண்பது உடலுக்குக் கேடு. எனவே தேங்காயையும் அதிலிருந்து கிடைக்கும் பொருட்களையும் எப்படிக் காப்பது, எப்போது கழித்துவிடுவது, இது தொடர்பாக மக்கள் அடிக்கடி கேட்கும் ஹலால், ஹராம் கேள்விகளுக்கு விடை என்ன என்பதை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

தேங்காய் ஏன் இவ்வளவு விரைவில் கெடுகிறது?

100 கிராம் பச்சைத் தேங்காயில் ஏறத்தாழ 47 கிராம் தண்ணீரும் 33 கிராம் கொழுப்பும் இருக்கின்றன. தண்ணீர் இருப்பதால் கிருமிகளும் பூஞ்சணமும் எளிதில் வளர்கின்றன. கொழுப்பு இருப்பதால் காறல் வாடை பிடிக்கிறது. மரக்கறி, பழங்களில் பெரும்பாலும் முதல் பிரச்சினை மட்டுமே உண்டு. எண்ணெய், நெய்யில் பெரும்பாலும் இரண்டாவது மட்டுமே உண்டு. தேங்காயில் இரண்டும் சேர்ந்திருக்கின்றன.

சிரட்டை மூடியிருக்கும் வரை உள்ளே இருப்பது பாதுகாப்பாக இருக்கிறது. உடைத்த கணத்திலிருந்து கத்தி, கை, துருவலை, காற்று என்று எல்லா வழியாலும் கிருமி சேர்கிறது. துருவியபின் நிலைமை இன்னும் மோசமாகிறது. ஒரே துண்டாக இருந்தது ஆயிரம் துகள்களாகிவிடுவதால் கிருமி தொற்றும் பரப்பும் பல மடங்கு கூடிவிடுகிறது.

பழைய தேங்காய்ப்பூவில் சில வேளை சவர்க்காரச் சுவை வருவதைப் பலரும் கவனித்திருப்போம். அதற்கும் காரணம் உண்டு. தேங்காய்க் கொழுப்பில் கிட்டத்தட்டப் பாதி லோரிக் அமிலம். பூஞ்சணமும் பக்டீரியாவும் கொழுப்பைப் பிரித்து அந்த அமிலத்தை வெளியே விடும்போது நாக்கில் சவர்க்காரம் போலத் தெரிகிறது. சவர்க்காரம் செய்வதற்குத் தேங்காய் எண்ணெய் பயன்படுவதும் இதே அமிலத்துக்காகத்தான். ஆகவே அந்தச் சுவை தெரிந்தால், தேங்காயில் கிருமி வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொள்ள வேண்டும்.

5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நம் நாட்டு அடுப்படியின் சாதாரண வெப்பம் இதற்கு நடுவிலேயே இருக்கிறது. சமைத்த உணவையோ துருவிய தேங்காயையோ வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது பொதுவான விதி. வெயில் கடுமையாக இருந்து வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் அது 1 மணி நேரமாகக் குறைகிறது.

முழுத் தேங்காய்

வாங்கும்போது மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். கையில் எடுத்தால் அதன் பருமனுக்கு ஏற்ற கனம் இருக்க வேண்டும். ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்க வேண்டும். கண்கள் மூன்றும் காய்ந்து, பூஞ்சணமோ ஈரமோ இல்லாமல் இருக்க வேண்டும். சத்தமே கேட்காத தேங்காய் ஒன்றில் மிக இளசாக இருக்கலாம், அல்லது வெடிப்பு வழியே தண்ணீர் வடிந்து உள்ளே அழுகியிருக்கலாம்.

உரிக்காத தேங்காய் நிழலான, காற்றோட்டமான, மழை படாத இடத்தில் இரண்டு மாதம் வரையும் இருக்கும். உரித்தது சில வாரங்களே தாங்கும். உரிக்கும்போது கண்களை மூடியிருக்கும் குடுமித் தும்பை விட்டுவைப்பது பழைய வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. சிரட்டையில் மிக மெல்லிய இடம் கண்தான். குடுமி போய்விட்டால் ஈரமும் பூஞ்சணமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகின்றன. உரித்த தேங்காயைக் கண் மேலே பார்த்திருக்குமாறு வைத்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் கண்ணை நனைத்துக்கொண்டிருக்காது. சீமெந்துத் தரையில் நேரே வைக்காமல் ஒரு சாக்கின் மீதோ பலகை மீதோ வையுங்கள். பொலித்தீன் பையில் கட்டி வைப்பது மிகத் தவறு. உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

மாதக்கணக்கில் விட்டுவிட்டால் தேங்காய் முளைக்கத் தொடங்கும். உள்ளே பஞ்சு போன்ற பூரான் வளரும். பூரானை உண்ணலாம், இனிப்பாகவும் இருக்கும். ஆனால் முளைக்கு உணவாகப் பருப்பு செலவாகிவிடுவதால் அந்தத் தேங்காயில் பால் குறைந்துவிடும். விலை கூடிய காலத்தில் மொத்தமாக வாங்கிக் குவிப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பழையதை முன்னாலும் புதியதைப் பின்னாலும் வைத்து, பழையதை முதலில் எடுக்கும் பழக்கம் நல்லது.

உடைத்த பாதியும் தேங்காய்ப்பூவும்

உடைத்த இரண்டு பாதியில் கண் இருக்கும் பாதியை முதலில் துருவுங்கள். அதுவே முதலில் கெடும். மற்றப் பாதியைத் தண்ணீர் இல்லாமல் துடைத்து, மூடியுள்ள ஒரு பாத்திரத்தில் ப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாட்கள் இருக்கும். வெட்டுவாயில் சிறிது உப்புத் தடவுவது கிருமியின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் ப்ரிட்ஜ் இல்லாமல் உப்பை மட்டும் நம்பி வைக்க முடியாது. பாதியின் மேல் வழுவழுப்பு, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு நிறம், பூஞ்சணப் புள்ளி எது கண்டாலும் அந்தப் பாதியை முழுவதாகக் கழித்துவிடுங்கள். புள்ளி உள்ள இடத்தை மட்டும் சீவிவிட்டுத் துருவுவது சரியல்ல. ஈரமான பொருளில் பூஞ்சணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கும் தனியே தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் மிக உதவியானது ப்ரீசர். விடுமுறை நாளில் நாலைந்து தேங்காயைச் சேர்த்துத் துருவி, ஒரு வேளைக்குத் தேவையான அளவு அளவாகச் சிறு பைகளில் போட்டு, உள்ளே உள்ள காற்றை அழுத்தி வெளியேற்றி, தட்டையாகத் தட்டி ப்ரீசரில் வைக்கலாம். தட்டையாக இருந்தால் விரைவாக உறையும். எடுக்கும்போது தேவையான துண்டை உடைத்தும் எடுக்கலாம். பையின் மேல் திகதியை எழுதுங்கள். இரண்டு மூன்று மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுவது நல்லது. கறிக்கு என்றால் உறைந்தபடியே சட்டியில் போடலாம். சம்பலுக்கு என்றால் முதல் நாள் இரவே ப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். பகல் முழுதும் மேசையில் வைத்து உருக விடக் கூடாது. உருகியதைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது.

மின்வெட்டு நேரத்தில் என்ன செய்வது என்ற கேள்வி எழும். கதவைத் திறக்காமல் விட்டால், நிறைந்த ப்ரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைக் காக்கும். ப்ரிட்ஜின் கீழ்ப்பகுதியோ 4 மணி நேரம்தான் தாங்கும். திறந்து திறந்து பார்ப்பதே பொருள் கெடுவதற்கு முதல் காரணம்.

வறுத்த தேங்காய் இதற்குச் சிறிது வேறுபடும். வறுக்கும்போது தண்ணீர் போய்விடுவதால் கிருமி வளர்வது குறையும். காறல் பிடிப்பது மட்டும் மிஞ்சும். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து ப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் நிற்கும். சூட்டோடு மூடினால் மூடியில் நீர் கட்டி, வறுத்த பயன் இல்லாமல் போய்விடும்.

தேங்காய்ப் பால்

பால் பிழியும்போது குளிர்ந்த நீரைவிட இளஞ்சூட்டு நீரில் அதிகம் பால் வரும். தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 பாகையில் உருகுவதே இதற்குக் காரணம். ப்ரிட்ஜில் இருந்து எடுத்த தேங்காயில் கொழுப்பு உறைந்திருக்கும். அதைக் குளிர்ந்த நீர் விட்டுப் பிழிந்தால் பாதிப் பால் சக்கையோடு போய்விடும். கை தாங்கும் சூட்டில் நீர் விட்டு, சில நிமிடம் பிசைந்து பிழிந்தால், அதே தேங்காயில் கட்டிப் பாலும் கூடும், தண்ணிப் பாலும் கூடும். விலை ஏறிய காலத்தில் இது சிறிய இலாபமல்ல.

கறியில் தண்ணிப் பாலை முதலில் விட்டு வேகவைத்து, கட்டிப் பாலைக் கடைசியில் விடுவது நமது உம்மாமார் காலம் காலமாகச் செய்து வருவது. பாலில் உள்ள கொழுப்புத் துளிகளை ஒன்று சேராமல் பிடித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். 80 பாகையளவில் அந்தப் புரதம் திரைந்து விடுகிறது. பிறகு எண்ணெய் வேறாகவும் நீர் வேறாகவும் பிரியும். புளிப்பும் இதையே செய்யும். ஆகவேதான் பாலாணத்தில் கட்டிப் பால் விட்டபின் கிண்டிக்கொண்டே இருந்து, ஒரு கொதி காணும் முன்பே இறக்கி, தேசிக்காயை இறக்கிய பின் பிழிகிறார்கள். பால் திரைந்துவிட்டால் சுவையும் தோற்றமும் குறையுமே தவிர, அந்தக் காரணத்துக்காக அது கெட்டதாகிவிடாது. அதைக் கொட்டத் தேவையில்லை.

பிழிந்த பாலை உடனே பயன்படுத்துவதே சிறந்தது. இல்லையெனில் மூடிய போத்தலில் ப்ரிட்ஜில் வைத்து, ஒரு நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மேலே கட்டியாகப் படிவது கொழுப்புதான், கெட்டதற்கு அடையாளமல்ல. புளிப்பு வாடை, நூல் போன்ற இழுவை, குமிழி இவை தெரிந்தால் கழித்துவிடுங்கள். ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வைத்துக் கட்டிகளாகப் பையில் போட்டு வைக்கலாம். உருகும்போது பிரிந்து காணப்படும். கறிக்கு அது குறையல்ல. வட்டிலப்பத்துக்கு மட்டும் புதுப் பாலே நல்லது. முட்டையும் பாலும் சேர்ந்த வட்டிலப்பத்தைப் பெருநாளன்று பகல் முழுவதும் மேசையில் வைக்கும் வழக்கத்தையும் நாம் கைவிட வேண்டும். விருந்தினருக்கு வேண்டியதை மட்டும் எடுத்து, மீதியை ப்ரிட்ஜில் வையுங்கள்.

வீட்டில் பிழிந்த பாலைக் காய்ச்சிப் போத்தலில் அடைத்து வெளியே வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. தேங்காய்ப் பாலில் புளிப்பு மிகக் குறைவு. அத்தகைய உணவில், காற்றில்லாத போத்தலுக்குள் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் கொடிய நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரலாம். சாதாரணக் கொதியில் அதன் வித்து சாவதில்லை. தொழிற்சாலைகளில் அழுத்தத்தில் 121 பாகை வரை சூடேற்றித்தான் டின்னில் அடைக்கிறார்கள். அந்த வசதி வீட்டு அடுப்பில் இல்லை.

நோன்புக் கஞ்சி விடயத்தில் கவனம்

ரமழானில் நமது பள்ளிவாசல்களில் பெரிய சட்டிகளில் கஞ்சி காய்ச்சி, அஸருக்குப் பின் வீடு வீடாகக் கொடுக்கப்படுகிறது. பெரும் நன்மைக்குரிய காரியம். ஆனால் அரிசியும் தேங்காய்ப் பாலும் இறைச்சியும் சேர்ந்த கஞ்சி, கிருமிக்கு எல்லா வகையிலும் ஏற்ற உணவு என்பதை நிர்வாகிகள் மறக்கக் கூடாது.

அரிசியில் இயல்பாகவே இருக்கும் ஒரு வகை பக்டீரியாவின் வித்து சமைத்த பின்னும் சாகாது. கஞ்சி மெதுவாக ஆறும்போது அது முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை ஏற்படுத்தும் அந்த நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் அழியாது. நோன்பு திறந்தபின் மீதியை இரவு முழுதும் அடுப்படியில் வைத்து, ஸஹருக்குச் சூடாக்கிக் குடித்தால் போதும் என்று நினைப்பது இதனால்தான் ஆபத்தாகிறது. நோன்பு நேரத்தில் வாந்தி, வயிற்றோட்டம் என்றால் வயோதிபர்களும் பிள்ளைகளும் எவ்வளவு துன்பப்படுவார்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனவே பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு நமது ஆலோசனை இது. கஞ்சியைப் பால் விடாமல் வேகவைத்துக் கொதிநிலையில் வைத்திருங்கள். பங்கிடும் நேரத்துக்குச் சற்று முன் கட்டிப் பாலை விட்டு இறக்குங்கள். பங்கிடும் வரை சூடு தணிய விடாதீர்கள். வீட்டில் வாங்கிக்கொள்வோர் மீதியை அகலமான பாத்திரத்தில் மெல்லியதாக ஊற்றி விரைவாக ஆறவைத்து ப்ரிட்ஜில் வைக்க வேண்டும். ப்ரிட்ஜ் இல்லாதவர்கள் தேவையான அளவு மட்டும் வாங்குவதே சிறப்பு. மீதியாகும் என்று தெரிந்தால் பக்கத்து வீட்டுக்கு அப்போதே கொடுத்துவிடுங்கள். அடுத்த நாள் கொட்டுவதைவிட அன்றே கொடுப்பதில் இரட்டை நன்மை உண்டு.

டின், பக்கெட், பவுடர்

திறக்காத டின்னைக் குறிப்பிட்ட திகதி வரை வெளியே வைக்கலாம். உப்பிய டின், ஓரத்தில் ஆழமாக நசுங்கிய டின், துருப்பிடித்துக் கசியும் டின் மூன்றையும் விலை குறைவு என்று வாங்காதீர்கள். உப்பியிருப்பது உள்ளே கிருமி வாயுவை உண்டாக்கியதற்கு அடையாளமாக இருக்கலாம். திறந்தபின் மிஞ்சியதை டின்னிலேயே விடாமல் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி ப்ரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள்.

லேபலை வாசிக்கும் பழக்கம் நமக்கு இரண்டு காரணத்துக்காக வேண்டும். முதலாவது உடல் நலம். தேங்காய்ப் பால் பவுடர் பலவற்றில் சோடியம் கேசினேட் சேர்க்கிறார்கள். இது பசும்பாலில் இருந்து எடுக்கும் புரதம். பசும்பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தேங்காய்ப் பால் பவுடர் பாதுகாப்பானது என்று எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது. வெள்ளை நிறத்தைக் காக்க சிலவற்றில் ஈ223 போன்ற சல்பைட் சேர்ப்பார்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது.

இரண்டாவது ஹலால் விடயம். பால் பிரியாமல் இருக்கச் சேர்க்கும் பொருட்களில் ஈ412 குவார் பிசின், ஈ466 தாவர நாரிலிருந்து செய்யப்படுவது. இவற்றில் சந்தேகம் இல்லை. ஈ471, ஈ435 இரண்டிலும் உள்ள கொழுப்பமிலம் தாவரத்திலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். எண்ணைக் கண்டதும் ஹராம் என்று தீர்ப்புச் சொல்லி வாட்ஸ்அப்பில் பரப்புவதும் தவறு, ஒன்றும் பார்க்காமல் வாங்குவதும் தவறு. தாவர மூலம் என்று லேபலில் இருக்கிறதா, நம்பகமான ஹலால் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குவதே நடுநிலையான வழி.

தேங்காய் எண்ணெய்

எண்ணெயில் தண்ணீர் இல்லாததால் கிருமி வளராது. அதன் எதிரிகள் வெளிச்சம், வெப்பம், காற்று, ஈரம் ஆகியவை. அடுப்புக்குப் பக்கத்தில் திறந்த போத்தலில் வைப்பதை விட்டு, இருண்ட அலுமாரியில் இறுக மூடி வையுங்கள். ஈரக் கரண்டியை விடாதீர்கள். நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் எண்ணெய் உறைவதைக் கண்டு கலப்படம் என்று சந்தேகிப்பவர்கள் உண்டு. 24 பாகைக்குக் கீழே தூய எண்ணெயும் உறையும், திரும்பச் சூட்டில் உருகும். அதனால் தரம் குறையாது. பொரித்த எண்ணெயைப் பல தடவை பயன்படுத்துவதும், பழையதைப் புதியதோடு கலப்பதும் கூடாது. கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

2021 மார்ச்சில் இறக்குமதி செய்யப்பட்ட தேங்காய் எண்ணெயில் அப்லடொக்சின் இருந்ததாக எழுந்த பிரச்சினை நாடெங்கும் பேசப்பட்டது நினைவிருக்கும். அது சரியாகக் காயாத கொப்பறையில் வளரும் மஞ்சள், பச்சை நிறப் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு. ஈரலைப் பாதிப்பது, புற்றுநோய்க்குக் காரணமாவது. சமையல் சூட்டில் அது அழியாது. வீட்டில் கொப்பறை காயவைத்து ஆட்டுவிப்பவர்கள் மழைக் காலத்தில் பூஞ்சணம் பிடித்த துண்டுகளை ஒதுக்கிவிட வேண்டும். எண்ணெய்க்குத்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

எண்ணெயில் எறும்பு விழுந்தால் என்ன, எலி விழுந்தால் என்ன என்ற கேள்வியும் நம்மிடம் வருவதுண்டு. எறும்பு, ஈ போன்று ஓடும் இரத்தம் இல்லாதவை தானாக விழுந்து செத்தால், ஷாபிஈ மத்ஹபின்படி எண்ணெய் நஜிஸாகாது. எடுத்துப் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். எலி விழுந்து செத்தால், எண்ணெய் உறைந்திருக்கும் நிலையில் எலியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் அகற்றிவிட்டால் மீதி மார்க்கச் சட்டப்படி சுத்தமானது. உருகிய நிலையில் இருந்தால் முழுவதும் நஜிஸ், அதைச் சுத்தமாக்க வழியில்லை. எனினும் எலி பரப்பும் நோய்களைக் கருதினால், உறைந்த நிலையிலும் உண்ணாமல் விடுவதே பேணுதல். வாய் ஒடுங்கிய, மூடியுள்ள பாத்திரம் இந்தச் சிக்கல் எல்லாவற்றையும் தடுத்துவிடும்.

தேங்காய்த் தண்ணீர், கள், வினாகிரி

தேங்காய்த் தண்ணீரில் சர்க்கரை உண்டு. வெளியே விட்டால் ஈஸ்ட் அதில் வேலை செய்து, முதலில் நுரைக்கும், பிறகு போதை தரும் பொருள் உண்டாகும், கடைசியில் புளிக்காடியாகும். உடைத்த உடன் குடிப்பது அல்லது ப்ரிட்ஜில் வைத்து ஒரு நாளுக்குள் குடிப்பது நல்லது. ஊறவைத்த பேரீச்சம்பழ நீரை நபி (ஸல்) அவர்கள் மூன்றாம் நாளுக்கு அப்பால் பருகாமல் விட்டதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். பேரீச்சம்பழ நீரைப் பற்றிய அந்தப் பேணுதல் நம் ஊர் இளநீருக்கும் நல்ல பாடமாகும். நமது வெப்பத்தில் இளநீர் அதைவிட விரைவாக மாறிவிடும்.

அப்ப மாவைக் கள் விட்டுப் புளிக்கவைப்பது சில இடங்களில் உள்ள வழக்கம். கள் போதை தருவது. அதைச் சேர்ப்பது நமக்கு ஆகுமானதல்ல. கடை அப்பம் உண்பவர்கள் இதைக் கேட்டறிய வேண்டும். வீட்டில் ஈஸ்ட் அல்லது முந்திய நாள் மாவு போதுமானது.

தேங்காய் வினாகிரி பற்றிப் பலருக்கும் குழப்பம். இலங்கையில் இது பெரும்பாலும் தென்னங்கள்ளிலிருந்து தயாராகிறது. கள் வெளியிலிருந்து எதுவும் சேர்க்கப்படாமல் தானாகவே புளித்து வினாகிரியாக மாறியிருந்தால் அது சுத்தமானது, உண்ண ஆகுமானது என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. வேறு பொருள் சேர்த்து மாற்றப்பட்டிருந்தால் ஷாபிஈ மத்ஹபில் அது சுத்தமாகாது. ஹனபி மத்ஹபில் ஆகும். பேணுதலை விரும்புவோர் தேங்காய்த் தண்ணீர் வினாகிரி, பழ வினாகிரி என்று தெளிவாகக் குறிப்பிட்டிருப்பதை வாங்கலாம். தேசிக்காய் அல்லது கொறுக்காய்ப் புளி இருக்கும்போது பல கறிகளுக்கு வினாகிரியே தேவைப்படாது.

சந்தேகம் வந்தால் சுவைத்துப் பார்க்க வேண்டாம்

கெட்டுவிட்டதா என்று நுனிநாக்கில் வைத்துப் பார்ப்பது நமது பழக்கம். தேங்காயில் இது ஆபத்து. டென்மார்க்கில் ஒருவர், குழல் விட்டுக் குடிப்பதற்காகச் செதுக்கி விற்கப்படும் இளநீர்த் தேங்காய் ஒன்றை ப்ரிட்ஜில் வைக்காமல் ஒரு மாதமளவில் வெளியே வைத்திருந்து, பின்னர் ஒரு வாய் உறிஞ்சினார். சுவை சரியில்லை என்று உடனே விட்டுவிட்டார். ஆனால் உள்ளே வளர்ந்திருந்த பூஞ்சணத்தின் நஞ்சு மூளையைத் தாக்கி, மறுநாளே அவர் இறந்தார். மருத்துவ இதழில் பதிவாகியுள்ள சம்பவம் இது. கடைகளில் விற்கும் செதுக்கிய இளநீர்த் தேங்காய் ப்ரிட்ஜிலேயே இருக்க வேண்டிய பொருள் என்பதை இதிலிருந்து அறியலாம்.

பால் பிழிந்த சக்கை விடயத்திலும் ஒரு பாடம் உண்டு. இந்தோனேசியாவின் ஜாவாவில் தேங்காய்ச் சக்கையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பே பொங்க்ரெக் என்ற உணவால் நூற்றுக்கணக்கானோர் இறந்திருக்கிறார்கள். அதில் வளரும் ஒரு பக்டீரியாவின் நஞ்சு சமைத்தாலும் போகாது. 1988இல் அந்நாட்டு அரசு அதைத் தடை செய்தது. நாம் சக்கையைப் புளிக்கவைப்பதில்லை. ஆயினும் ஒரு நாள் வெளியே கிடந்த சக்கையை எடுத்து ரொட்டிக்குப் பிசைவது கூடாது. பிழிந்த உடனே வறுத்துச் சம்பலுக்கோ, ரொட்டி மாவிலோ சேர்க்கலாம். உடனே தேவைப்படாவிட்டால் ப்ரீசரில் வைக்கலாம். கோழிக்குப் போடுவதானாலும் அன்றே போட்டுவிடுங்கள்.

முடிவாக

ஒரு வீட்டில் நாளொன்றுக்கு அரைத் தேங்காய் வீணானாலும், மாதத்துக்குப் பதினைந்து தேங்காய். 200 ரூபா விலையில் அது 3000 ரூபா. ஒரு ஏழைக் குடும்பத்தின் சில நாள் சமையலுக்கு அது போதும். துருவும் முன் இன்று எத்தனை பேர் உண்பார்கள் என்று எண்ணுவது, மிஞ்சியதை அந்த மணி நேரத்திலேயே ப்ரிட்ஜில் வைப்பது, பையில் திகதி எழுதுவது, சந்தேகமானதைச் சுவைக்காமல் கழிப்பது. இந்த நான்கையும் பழக்கமாக்கிக்கொண்டால் பணமும் மிஞ்சும், உடலும் காக்கப்படும்.

இவற்றை வீட்டுப் பெண்களுக்கு மட்டும் உரிய பாடமாக எண்ணாமல், தேங்காய் வாங்கி வரும் ஆண்களும், கஞ்சி காய்ச்சும் பள்ளிவாசல் நிர்வாகிகளும், விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்களும் கவனிக்க வேண்டும். நமக்குக் கிடைத்திருக்கும் ரிஸ்க்கைப் பேணி, அளவோடு உண்டு, மிஞ்சியதைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் மக்களாக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக.